வெளியே கேட்காத ஹெட்போன்

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஹெட்போன் வாங்கப் போகிற எல்லாரும், காதுக்குள்ளே எவ்வளவு சத்தம் கேட்கும் என்றுதான் விசாரிப்பார்கள். வெளியே எவ்வளவு கேட்காமல் இருக்கும் என்று விசாரித்து வாங்கியவள், எனக்குத் தெரிந்து ஜெசிகா ஒருத்திதான். கடைக்கார கரீமுல்லா பாய் இருபது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர். அவருக்கே அது முதல் தடவை.

மெட்ராஸ் சென்னையான வருஷத்து நவம்பர் மாதம். மயிலாப்பூர் ரோசரி சர்ச் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ராஜநாயகம் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான் லஸ்ஸில் ஒரு பாங்கில் கிளார்க். என் மனைவி சூடாமணி காலையில் மாதா கோயில் மணி அடித்தால் பால் காய்ச்சுவாள். அவளுக்குக் கடிகாரம் அதுதான். கீழே ராஜநாயகம், அவர் மனைவி ஆலிஸ், ஒரே மகள் ஜெசிகா. ராஜநாயகம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரூர் குப்பம் வரை போய், படகு கரையேறும் இடத்திலேயே மீன் வாங்கி வருவார். நாங்கள் சைவம் என்பதால் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படியைக் கடப்பார். நாற்றத்தை எப்படி மறைப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் நவம்பர் இரண்டாம் வாரம் மைதானத்தில் பிள்ளைகளை நடக்கவைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். வயது நாற்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் பென்ஷன் கிடையாது.

அடக்கத்துக்கு மறுநாள் அவருடைய அக்கா எமரென்சி ராயபுரத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு முப்பது நாளும் தங்க வந்து இறங்கினாள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வந்தவள் அழுவதற்கு முன்னால் வீட்டை ஒழுங்கு செய்தாள். டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே ஒரு போர்வையைப் போட்டாள். டிரான்சிஸ்டரிலிருந்து பாட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த வீட்டுக் காலிங் பெல், பட்டனை அழுத்தினால் ஏதோ ஒரு ராகத்தைக் கீச்சென்று வாசிக்கும் வகை. அதன் வயரையும் பிடுங்கினாள். பிறகு மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் சத்தமே இல்லாமல் அழுதாள்.

என்னைப் படியில் பார்த்ததும் அவளாகவே பேசினாள்.

"ஐயரே, ஒங்களாண்ட ஒன்னு சொல்லிட்றேன். முப்பதாம் நாள் பூச முடியற வரிக்கும் இந்த வூட்ல பாட்டு சத்தம் தெருவுல கேக்கக்கூடாது. எங்க அப்பன் செத்தப்போ அப்டித்தான், ஆத்தா செத்தப்போ அப்டித்தான். கேட்டுச்சின்னா, இன்னாடா ராஜநாயகம் பூட்டான், ஒர்த்தருக்கும் ஒன்னியும் இல்ல போலன்னு நாலு பேரு பேசிக்கினு போவான்."

"நாங்க மாடியில ரேடியோ வைக்கலாமாம்மா?"

"நீங்க இன்னா பாவம் பண்ணீங்க? வெச்சிக்கோங்க. சின்னதா வெச்சிக்கோங்க."

நாங்களும் வைக்கவில்லை. சூடாமணி காலையில் போடும் சுலோகக் கேசட்டைக்கூட நிறுத்திவிட்டு வாயாலேயே முணுமுணுத்துக்கொண்டாள்.

மழை விடாமல் பெய்தது. சந்தில் கணுக்காலுக்குத் தண்ணீர். முதல் மூன்று நாள் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளிலிருந்து சோறும் குழம்பும் தூக்குப் போணிகளில் வந்தன. நாலாம் நாளிலிருந்து எமரென்சி அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மிளகு ரசம், சுட்ட கருவாட்டுத் துவையல், சோறு. தினமும் சாயங்காலம் ஜெபமாலைக்குப் பத்துப் பெண்கள் வருவார்கள். முடிந்ததும் கடுங்காப்பியும் பொறையும். ஆலிஸ் பகல் முழுக்கத் தையல் மிஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். மிஷின் சத்தம் துக்கத்துக்கு விரோதமா என்று அவள் பயந்து பயந்து கேட்க, எமரென்சி ஒரு நிமிஷம் யோசித்து, "அது வேல சத்தம். வேல சத்தம் இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னாளாம். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. எங்கள் ஹெட்டாபீஸில் ஒருவருக்கும் அந்தத் தெளிவு கிடையாது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஆபீஸிலிருந்து வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது ஆலிஸ் படிக்கட்டின் மூன்றாவது படிவரை ஏறி வந்து நின்றாள்.

"சார், ஒரு யோசன சொல்லுங்க. ஜெசிக்கு அடையாறு கான்வென்ட்ல பாட்டு டீச்சர் வேல வந்துக்கினு இருந்திச்சி. அவரு போறதுக்கு மொத நாள்தான் சிஸ்டர் ஒரு கேசட்டு குடுத்தாங்க. அஞ்சு பாட்டு கீது அதுல. ரெண்டாங்குரல் கத்துக்கினு வா, ஆறாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடு, நான் ஒக்காந்து பாக்கறேன்னாங்க. அந்த தேதி அவரு போன இருவத்தி மூணாம் நாள் வருது சார்."

"தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமே?"

"ஜெசி கேட்டா. ரொம்ப வருத்தப்பட்டாங்களாம். ஜெபம் பண்றேன்னாங்களாம். ஆனா ஜனவரிக்கு ஆளு வோணும், இன்னும் மூணு பேரு கீறாங்கன்னாங்களாம். நான் தைக்கிற தையல்ல அரிசி வாங்கலாம், அதுக்கு மேல ஒன்னியும் முடியாது. இந்த வேலைய விட்டா அடுத்த வருசம்தான்."

"எமரென்சியம்மாகிட்ட சொல்லிப் பாருங்களேன். புரிஞ்சுக்குவாங்க."

ஆலிஸ் தலையை ஆட்டினாள். "நான் கேக்க மாட்டேன் சார். எனக்கு அவரு இருவத்தி நாலு வருசப் புருசன். அவங்களுக்குப் பொறந்ததுலேந்து தம்பி. தூக்கி வளத்தவங்க கேக்கறது முப்பது நாளு. அதக்கூட கொறச்சிக்கோன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"சரி, எங்க வீட்டுல வந்து உட்கார்ந்து கேக்கட்டுமே."

"துக்க வூட்டுக்காரங்க அடுத்தவங்க வூட்டுப் படி ஏறக்கூடாது சார். பாருங்க, நானே மூணாம் படிக்கு மேல காலு வெக்கல."

அப்போதுதான் கவனித்தேன். நாலாம் படியில் வைத்திருந்த ஒரு கையைக்கூட எடுத்துவிட்டாள்.

மேலே போய் சூடாமணியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, நான் மூன்று நாள் யோசித்தாலும் வராத ஒன்றைச் சொன்னாள்.

"ஏன்னா, பாட்டு தெருவுல கேக்கப்படாதுங்கறாளே தவிர, காதுல கேக்கப்படாதுன்னு சொல்லலையே? என் தம்பி துபாய்லேர்ந்து கொண்டுண்டு வந்த வாக்மேன் ஆத்துல சும்மாதானே கெடக்கு. நீங்கதான் அதோட ஹெட்போனைத் தலைகாணிக்கு அடியில போட்டு நசுக்கினேள். புதுசா ஒண்ணு வாங்கிண்டு வாங்கோ."

வாங்கிக்கொண்டு வந்தேன். அதில்தான் முதல் சொதப்பல். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மழையில் நனையாமல் நிற்க இடம் கிடைத்த கடையில், கறுப்புப் பஞ்சு வைத்தது ஒன்று, நாற்பத்தைந்து ரூபாய். லேசாக இருந்தது, சந்தோஷமாக வந்துவிட்டேன். ஜெசிகாவிடம் படியடியில் கொடுத்தபோது, "நான்தான் துட்டு குடுப்பேன் அங்கிள்" என்று கையில் திணித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் நூற்று எண்பது ரூபாய் தனியாக வைத்திருந்தாள்.

ஜெசிகாவுக்கு அப்போது இருபத்திரண்டு. ஒல்லியான பெண். துக்கத்துக்காகத் தலையை மூடி ஒரு கறுப்பு ஸ்கார்ஃப் கட்டியிருப்பாள்; ஹெட்போனை அதற்கு அடியில் போட்டுக்கொண்டு, வாக்மேனைப் பாவாடை நாடாவில் செருகி, வேலை செய்துகொண்டே கேட்பது என்று ஏற்பாடு. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கீழே அமளி.

"ஆலிசு, இங்க எங்கியோ சிள்வண்டு கத்துது பாரு."

"இல்லியே அத்தாச்சி."

"கத்துது. எனக்கு காது நல்லாத்தான் கீது. மழைக்கி உள்ள வந்துகீது. அந்தத் தொடப்பத்த எடு."

எமரென்சி துடைப்பத்தோடு அலமாரிக்குப் பின்னால், மிஷினுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் என்று தேடியிருக்கிறாள். ஜெசிகா எந்த அறைக்குப் போனாளோ அந்த அறைக்குச் சிள்வண்டும் போயிருக்கிறது. கடைசியில் அவள் பின்கட்டில் வாக்மேனை அணைத்துவிட்டு, எதையோ காலால் மிதிப்பதுபோல் மிதித்து, "செத்துடுச்சி அத்தை" என்றாளாம்.

மறுநாள் காலையில் படியடியில் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. யோசனை இருந்தது.

"அங்கிள், இதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, வெளிய கேக்குது. ரெண்டாவது, அடிக்குரல் கேக்கல. மேல்குரல்தான் பூரா வருது. எனக்கு வேண்டியது அடிக்குரல், அதான் ரெண்டாங்குரல். ரெண்டும் சேந்து பாடறதுல அதைத்தான் நான் பிரிச்சி எடுக்கணும். நானே வரேன், மாத்திடலாம். அத்தை கிட்ட அப்பா டெத் சர்ட்டிஃபிகேட் நகல் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டேன். அதுவும் எடுக்கணும்."

பொய்யே சொல்லாமல் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வந்த அழகை நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்து மவுண்ட் ரோட்டில் இறங்கினோம். முதலில் நகல். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட். தெரு முழுக்கச் சேறு. சேற்றின்மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடையும் தன் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வைத்து வேறு வேறு பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்துக் கோடியில், நான் பஞ்சு ஹெட்போன் வாங்கிய அதே கடை, கரீமுல்லா பாய் கடை. ஆறடி அகலம். ஆள் பருமன். அவர் உட்கார்ந்த பிறகு மிச்சம் இருந்த இடத்தில்தான் சாமான் எல்லாம்.

"பாய், பஞ்சு வெச்சது வேண்டாம்" என்றாள் ஜெசிகா. "லேசா இருக்கணும், மடக்கணும், நூத்தம்பதுக்குள்ள இருக்கணும். சத்தம் வெளிய போகக்கூடாது."

"உள்ள எப்டி கேக்கும்னு பாரும்மா மொதல்ல. பேஸு சும்மா கும்முனு வரும்."

"உள்ள அப்புறம். மொதல்ல வெளிய."

பாய் ஒரு பெரிய ஜப்பான் அயிட்டத்தை எடுத்து வைத்தார். காதை முழுக்க மூடும் வகை. அறுநூறு ரூபாய். ஜெசிகா அதைக் கையில் வாங்கி எடையைப் பார்த்துவிட்டு, ஸ்கார்ஃபுக்குமேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். தலையின் இரண்டு பக்கமும் இரண்டு கொண்டை முளைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் பதினோரு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது மடக்குகிற வகை ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. அவள் அதைக் காதருகே கொண்டுபோய் மடக்கினாள், பிரித்தாள், மடக்கினாள்.

"இது 'டிக்'குனு சத்தம் போடுது பாய். அத்தை வந்துட்டா மடக்கி உள்ள வெக்கணும். காட்டிக் குடுத்துரும்."

கரீமுல்லா பாய் என்னைப் பார்த்தார். "இன்னா சார், எக்சாம்ல பிட் அடிக்கப் போவுதா பாப்பா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா போனது, முப்பது நாள், பாட்டு டீச்சர் வேலை. அவர் ஜெசிகாவின் கறுப்பு ஸ்கார்ஃபை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கையை நீட்டித் தன் கடை ஸ்பீக்கரை அணைத்தார்.

"அடப் பாவமே. மொதல்லியே சொல்லக்கூடாதா? உள்ள வாம்மா, குடோன்ல. இங்க இந்தச் சத்தத்துல நீ இன்னாத்த டெஸ்ட் பண்ணுவ?"

குடோன் என்பது கடைக்குப் பின்னால் ஒரு இருட்டு அறை. ஷட்டரைப் பாதி இறக்கியதும் தெரு கொஞ்சம் அடங்கியது. பாய் மேல்தட்டில் ஏறி ஒரு பழைய டப்பாவை எடுத்தார். தைவான் சரக்கு. மெல்லிய கம்பி, சின்ன ரெக்சின் மெத்தை வைத்த இரண்டு குமிழ், உள்பக்கமாக மடங்கும். மடக்கினால் ஒரு பிடிக்குள் அடங்கியது. ஜெசிகா காதருகே மடக்கிப் பார்த்தாள். சத்தம் இல்லை. எடை எவ்வளவு என்று கேட்டாள். "காத்து மாதிரி" என்றார் பாய். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பாய் முனகிக்கொண்டே அதை எடுத்துப் போய், எதிரே இருந்த கடலைக் கடைத் தராசில் வைத்துக் கொண்டுவந்தார். எண்பது கிராம் கடலைக்கு நின்றதாம். அத்தாட்சிக்கு அந்தக் கடலையையும் பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்திருந்தார். மூவரும் தின்றோம்.

பிறகு அவள் வாக்மேனில் கேசட்டைப் போட்டாள். தன் காதில் மாட்டிக்கொள்ளவில்லை. பாயின் தலையில் மாட்டினாள். மாட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டி, அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வெளியே என்ன வருகிறது என்று கேட்டாள். இரண்டு அடி தள்ளி நின்று கேட்டாள். பின்னால் போய் நின்று கேட்டாள். அவ்வளவு பெரிய ஆள், தலையில் அந்தச் சின்னக் கம்பியோடு, கன்னியாஸ்திரீகள் பாட்டைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பாங்கில் எத்தனையோ பேர் எத்தனையோ காகிதங்களைச் சரிபார்ப்பதைப் பார்த்தவன். இந்த மாதிரி ஒரு சரிபார்ப்பைப் பார்த்ததில்லை.

"ஒண்ணும் வரல" என்றாள் கண்ணைத் திறந்து.

"எனுக்கு நல்லா வருதும்மா!" என்று பாய் கத்தினார். தான் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகுதான் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அரை நிமிஷத்தில் முகம் மாறியது. "அடிக்குரல் தனியா வருது அங்கிள்" என்றாள் மெதுவாக. நூற்று முப்பது ரூபாய். நாற்பத்தைந்தைக் கழித்துக்கொண்டு பாக்கியை வாங்கினார் பாய்.

"ஒன்னு சொல்றேன் கேட்டுக்கோ. காத நல்லா மூடுற பீசு இது. மாட்டிக்கினா பக்கத்துல இடி வுயுந்தாலும் தெரியாது. ரோட்ல போவசொல்ல மாட்டாத."

"மாட்ட மாட்டேன் பாய்."

அவர் கடை ஸ்பீக்கர் நாங்கள் தெருவைக் கடக்கிறவரை அணைந்தே இருந்தது.

அடுத்த பத்து நாள் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை காதில் பாட்டு. வெளியே ஒரு சத்தம் கிடையாது. துணி துவைக்கும்போது கேட்டாள். அம்மா தைத்த யூனிஃபார்முக்குக் காஜா போடும்போது கேட்டாள். பின்கட்டில் மழைத்தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொட்டும்போது கேட்டாள். வாய் திறக்காமல் இருக்கப் பல்லுக்கு நடுவில் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டிருப்பாள். தாளம் போடக்கூடாது என்று கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் அசைப்பாள். எமரென்சியின் காலடி தெரிவதற்கு ஒரே வழி கண்தான் என்பதால் எப்போதும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து வேலை செய்தாள். எமரென்சிக்கு அதில் பரம திருப்தி.

"பொண்ணு நல்லா அடங்கிக் கீது ஐயரே. இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணு. கூப்ட்டாக்கூட திரும்பல. அப்பன் நெனப்பு."

ஆலிஸ் மிஷினிலிருந்து நிமிரவே இல்லை. எனக்கு அவள் நிலைமை புரிந்தது. ஒரு பக்கம் மகளின் வேலை, ஒரு பக்கம் நாத்தனாரின் துக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூற்று முப்பது ரூபாய்க் கம்பி. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கிழவியை ஏமாற்றுகிறோம் என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது. சூடாமணியிடம் சொன்னேன். "ஏமாத்தறதா? அவா மனசு நோகாம பாத்துக்கறோம்னா. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். ஒன்றுதானோ என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம். மறுநாள் காலை பத்து மணிக்கு அடையாறில் சோதனை. ஆறரைக்கு வழக்கம்போல் ஜெபமாலை. அன்று மழை ஊற்றியதில் பெண்கள் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். அவர்கள் போக, ராயபுரத்து உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர். நான் தினமும் மரியாதைக்காகப் பத்து நிமிஷம் வாசல்படியில் நின்றுவிட்டுப் போவேன். தெருக்கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது துக்க வீட்டு வழக்கம். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். எமரென்சி நடுவில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஜெபத்தைச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஜெசிகா உள்ளே சமையலறையில் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும்போது மழை சட்டென்று நின்றது. குழாயை மூடியதுபோல் நின்றது. அந்த அமைதியில் சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெசிகா பாடிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு இல்லை. கோயிலில் எட்டு வருஷம் பாடகர் குழுவில் நின்று பழகிய முழுக் குரல். தான் பாடுவது அவளுக்கே தெரியாது. அப்படி நின்று பழகியவர்களுக்கு முதல் குரல் காதில் விழுந்தால் இரண்டாம் குரல் தானாக வாயில் வந்துவிடும் என்று பிற்பாடு ஆலிஸ் சொன்னாள். காப்பித்தூளைப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததோ, கிராம்பு விழுந்துவிட்டதோ. காதை இறுக மூடிய அந்த நல்ல ஹெட்போன் பாட்டையும் வெளியே விடவில்லை, அவள் குரலையும் உள்ளே விடவில்லை. இத்தனை கவனமாகத் தேர்ந்தெடுத்த பொருள், தேர்ந்தெடுத்த காரணத்துக்காகவே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்களுக்குக் கேட்டது இரண்டாம் குரல் மட்டும்தான். அதை மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. நாலு சுரத்துக்குள் ஏறி இறங்கி, நடுவில் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி சேர்ந்துகொண்டு, நமக்குக் கேட்காத யாருக்கோ அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஆலிஸின் விரல் மணியில் அப்படியே நின்றுவிட்டது. ராயபுரத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருவன் தலையை நீட்டிப் பார்த்தான். ஆலிஸ் எழுந்து உள்ளே ஓடப் பார்த்தாள். எமரென்சி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

ஒழிந்தது என்று நினைத்தேன். அந்தக் கை ஹெட்போனைப் பிடுங்கி எறிவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. மறுநாள் அந்தப் பெண் எந்த முகத்தோடு ஆறாம் வகுப்பின் முன்னால் நிற்பாள்?

எமரென்சி சமையலறை வாசல்வரை போனாள். உள்ளே பார்த்தாள். ஜெசிகா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள் போலிருக்கிறது, பாட்டு நிற்கவில்லை. எமரென்சி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்குகிற நேரம். பிறகு திரும்பி வந்து, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். இன்னொரு ஜன்னலையும் சாத்தினாள். வாசலுக்கு வந்தாள். நான் குடையோடு நகர்ந்தேன்.

"எங்க போறீங்கோ? உள்ள வாங்க ஐயரே" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூன்று வருஷம் அந்த வீட்டு மாடியில் இருந்தவன், அன்றுதான் அந்தக் கூடத்துக்குள் காலை வைத்தேன்.

தன் இடத்தில் போய் உட்கார்ந்து, விட்ட மணியைப் பிடித்து, அடுத்த ஜெபத்தை ஆரம்பித்தாள். என்ன குரல்! அத்தனை நாள் மெல்ல ஜெபித்தவள், பிரசவ வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். முதலில் ஆலிஸுக்குப் புரிந்தது. அழுதுகொண்டே அவளும் உரக்கப் பதில் சொன்னாள். பிறகு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எட்டுப் பெண்களும், ராயபுரத்துக்காரர்கள் இரண்டு பேரும் தொண்டை கிழிய ஜெபம் சொன்னார்கள். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. ஒவ்வொன்றின் முடிவிலும் "ஆமென்" மட்டும் தெரியும். என்னால் முடிந்தமட்டும் உரக்க அதைச் சொன்னேன். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஜெசிகா இரண்டாவது பாட்டை முடித்து, மூன்றாவதற்குப் போனாள். தெருவில் நின்றவனுக்கு ஜெபம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

நான் என் வாழ்க்கையில் பெரிய மனிதர்கள் என்று சிலரைப் பார்த்திருக்கிறேன். மாலை போட்டிருக்கிறேன். அன்று எமரென்சியைப் பார்த்த கண்ணால் யாரையும் பார்த்ததில்லை. அவள் தன் தம்பிக்கான முப்பது நாளையும் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பி மகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வரும்போது அவள் குரல் கம்மிப்போய்விட்டது. ஆனாலும் குறைக்கவில்லை.

அந்த வேலை ஜெசிகாவுக்குக் கிடைத்தது. ஜனவரியிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அடையாறு பஸ் ஏறினாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதுவல்ல.

ஜெபம் முடிந்தது. சமையலறையிலும் பாட்டு நின்றிருந்தது. ஒரு தட்டு நிறையக் காப்பித் தம்ளர்களோடு ஜெசிகா வந்தாள். ஹெட்போனைக் கழற்றி மடக்கி உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஸ்கார்ஃப் ஒரு பக்கம் நழுவியிருந்தது. முகம் தெளிவாக, ஐந்து பாட்டையும் பிடித்துவிட்ட சந்தோஷத்தை மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. சாத்திய கதவையும், சாத்திய ஜன்னல்களையும், தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"இன்னா அத்தை, கதவெல்லாம் சாத்தி வெச்சிக்கீறீங்க? கடைசில சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. ஏன் இவ்ளோ சத்தமா ஜெபம் சொன்னீங்க?"

எமரென்சி தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து, சூடு பார்த்து, ஒரு வாய் குடித்தாள். குரல் எழும்பவில்லை.

"மழடி" என்றாள். "மழ சத்தத்துல ஒர்த்தருக்கு ஒர்த்தர் பேசறது கேக்கல."

வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. கூடத்தில் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"ஆமாம்மா" என்றேன் நான். "நல்ல மழை."